வீட்டுக்கடன் இ.எம்.ஐ. கணக்கும் விலைவாசிக் கணக்கும்: இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது எப்படி?

அவனியாபுரத்தான் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். மதுரையில் தனியார் கம்பெனியில் வேலை, கைக்கு வருவது மாதம் 62,000. விமான நிலையம் போகிற வழியில் 40 லட்சத்துக்கு ஒரு தனி வீடு பார்த்திருக்கிறோம். கையில் 11 லட்சம் இருக்கிறது, 30 லட்சம் கடன் வாங்கலாம் என்று யோசனை. ஒரு இடத்தில் 8.5 சதவீதம், 20 வருடம் என்று சொல்கிறார்கள்.

இணையத்தில் இருக்கும் இ.எம்.ஐ. (மாதத் தவணை) கால்குலேட்டரில் போட்டேன், மாதம் 26,035 வந்தது. வாடகை (9,000) நீங்கலாக வீட்டுச் செலவு 24,000. வாடகை மிச்சமாகிவிடும், மாதம் 12,000 கையில் நிற்கும், சமாளித்துவிடலாம் என்று தோன்றியது. அப்புறம் சும்மா இருக்காமல் விலைவாசி கால்குலேட்டர் ஒன்றில் அதே 24,000ஐ 6 சதவீதத்தில் 20 வருடத்துக்குத் தட்டினேன். 77,000 என்கிறது! இன்றைய என் சம்பளத்தையே தாண்டுகிறது. ஒரு பெட்டி தைரியம் சொல்கிறது, இன்னொன்று வயிற்றைக் கலக்குகிறது. எதை நம்புவது? மகள் யு.கே.ஜி. படிக்கிறாள்.

லேத்துப்பட்டறை

தம்பி, பயப்படாதீங்க. விலைவாசி ஏறுவது கடன் வாங்கியவனுக்கு நல்லதுதான். 20 வருடம் கழித்துக் கட்டப்போகிற 26,035 ரூபாயை 5 சதவீதத்தில் இன்றைய மதிப்புக்குத் திருப்பிப் போட்டுப் பாருங்க, பத்தாயிரம்கூட வராது. வாடகை ஏறிக்கொண்டே போகும், இ.எம்.ஐ. அப்படியே நிற்கும். முடிந்தவரை பெரிய கடன், முடிந்தவரை நீண்ட தவணை. மிச்சத்தை விலைவாசி பார்த்துக்கொள்ளும். யூடியூபில் எத்தனை பேர் சொல்லியாச்சு.

கணக்கு_வாத்தி

லேத்துப்பட்டறை சார் போட்ட கணக்கு சரி, 9,800 சொச்சம் வரும். ஆனால் அந்த யூடியூப்காரர்களில் பலர் அமெரிக்கக் கதையை அப்படியே இங்கே கொண்டுவந்து கொட்டுகிறார்கள். அங்கே 30 வருடத்துக்கு ஒரே வட்டி என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறார்கள். விலைவாசி ஏறினாலும் தவணை அசையாது, அவர்களுக்கு அந்த வாதம் பொருந்தும்.

நம்மூரில் வீட்டுக்கடன் பெரும்பாலும் மிதக்கும் வட்டி. 2019 அக்டோபர் முதல் வங்கிகள் தரும் புதிய மிதவை வட்டி வீட்டுக்கடன்களை வெளி அளவுகோல் ஒன்றோடு, பெரும்பாலும் ரெப்போவோடு (வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி தரும் குறுகிய காலக் கடனின் வட்டி), கட்டியிருக்கிறார்கள். ரெப்போவை ரிசர்வ் வங்கி எதைப் பார்த்து ஏற்றுகிறது? பணவீக்கத்தைப் பார்த்துத்தான். 4 சதவீதம் இலக்கு, மேலே கீழே 2 வரை விலகலாம் என்பது ஏற்பாடு. ஆக விலைவாசி தாறுமாறாக ஏறினால் மளிகை பில்லோடு கடன் வட்டியும் சேர்ந்து ஏறும். விலைவாசி நம் கடனைத் தின்னும்தான். ஆனால் தின்பதற்குக் கூலியும் கேட்கும்.

வாடகைக்கும் ஒரு வார்த்தை. 9,000 வாடகை வருடம் 7 சதவீதம் ஏறினால்கூட 26,000ஐத் தொட ஏறக்குறைய 16 வருடம் ஆகும். "வாடகை ஏறும், இ.எம்.ஐ. நிற்கும்" என்பதை மாதக் கணக்கில் பார்த்தால் இதுதான் நிலவரம். வீடு வாங்க ஆயிரம் காரணம் உண்டு, இது அதில் பலமானது இல்லை.

சுபா_தாம்பரம்

வாத்தியார் சொல்வதற்கு நானே சாட்சி. 2021 கடைசியில் 30 லட்சம் எடுத்தோம். 7 சதவீதம், 20 வருடம், இ.எம்.ஐ. 23,259. அப்போது ரெப்போ 4 சதவீதம். 2022 மே மாதம் ஏற்ற ஆரம்பித்தார்கள், 2023 பிப்ரவரியில் 6.5 ஆகிவிட்டது. எங்கள் வட்டி 9.5க்குப் போனது.

இதில் கொடுமை என்னவென்றால், எங்களுக்கு எதுவுமே தெரியவில்லை. மாதாமாதம் அதே 23,259தான் கணக்கிலிருந்து போய்க்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் ஒரு நாள் கடன் ஸ்டேட்மென்ட் எடுத்துப் பார்த்தபோதுதான் மீதி மாதங்கள் என்ற இடத்தில் இருந்த எண்ணைக் கண்டு ஆடிப்போனோம். கிளையில் கேட்டால் "இ.எம்.ஐ. ஏறவில்லையே மேடம், அப்புறம் என்ன?" என்றார்கள்.

கணக்கு_வாத்தி

சுபா அம்மா சொன்ன எண்களை அப்படியே போட்டுக் காட்டுகிறேன். நடுவில் வட்டி படிப்படியாக ஏறியதை விட்டுவிட்டு, ஒன்றரை வருடம் 7 சதவீதம், பிறகு ஒரே தாவலில் 9.5 என்று வைத்துக்கொள்வோம்.

ஒன்றரை வருடம் கட்டிய பிறகு பாக்கி 28,91,000 சொச்சம். 9.5 சதவீதத்தில் அதற்கு ஒரு மாத வட்டி 22,887. கட்டுகிற இ.எம்.ஐ. 23,259. அசலில் குறைவது 372 ரூபாய். முப்பது லட்சம் கடனுக்கு மாதம் முந்நூற்று எழுபத்திரண்டு!

இந்த வேகத்தில் கட்டினால் கடன் முடிய இன்னும் 524 மாதம், கிட்டத்தட்ட 44 வருடம். பழைய கணக்குப்படி இருந்திருக்க வேண்டியது 222 மாதம். அந்த 222 மாதத்திலேயே முடிக்க வேண்டுமானால் இ.எம்.ஐ. 27,700 ஆக வேண்டும்.

எக்செல் வைத்திருப்பவர்களுக்கு: தவணைத் தொகைக்கு "பி.எம்.டி.", எத்தனை மாதம் என்பதற்கு "என்பர்" என்ற ஃபார்முலா. பெரும்பாலான இணைய கால்குலேட்டர்கள் முதலாவதை மட்டும்தான் காட்டும். ஆனால் வட்டி மாறியதும் நம் தலையில் விழுவது இரண்டாவது. அவனியாபுரத்தான் தம்பி, நீங்கள் 8.5 போட்டுப் பார்த்த பெட்டியில் 10.5 போட்டுப் பாருங்கள். 29,951 வரும். மாதம் கிட்டத்தட்ட 3,900 கூடுதல். அதைக் கட்ட முடியுமா என்பதுதான் கேள்வி. 8.5 சதவீதத்தில் கட்ட முடியுமா என்று கடன் கொடுக்கிறவரே பார்த்துக்கொள்வார்.

பழைய_பேங்க்காரர்

சுபா மேடம் போன்றவர்களின் புகார் குவிந்த பிறகு 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது. வட்டி மாற்றியமைக்கப்படும்போது இ.எம்.ஐ. எவ்வளவு மாறும், தவணைக்காலம் எவ்வளவு மாறும் என்று கடன்தாரருக்குச் சொல்லியாக வேண்டும். இ.எம்.ஐ.யை ஏற்றுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டும் கலந்தா என்ற தேர்வு அவருக்குத் தரப்பட வேண்டும். காலத்தை நீட்டுகிறேன் என்று, கட்டுகிற தவணை வட்டிக்கே போதாத நிலைக்குக் கொண்டுபோகவும் கூடாது. எனவே இப்போது தாராளமாக எழுத்தில் கேட்கலாம். மேடம், நீங்கள் பிறகு என்ன செய்தீர்கள்?

சுபா_தாம்பரம்

இ.எம்.ஐ.யை 27,700க்கு ஏற்றச் சொல்லி எழுதிக் கொடுத்தோம் சார். 2025இல் ரெப்போ இறங்கி ஜூனில் 5.5க்கு வந்தபோது குறைக்கட்டுமா என்று கேட்டார்கள், வேண்டாம் என்றோம். அதே தொகை கட்டுகிறோம், மாதங்கள் தானாகக் குறைகின்றன.

லேத்துப்பட்டறை

சரி சரி, மிதக்கும் வட்டி விஷயம் ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் சம்பளம் ஏறுமா ஏறாதா? அதை யாரும் கணக்கில் சேர்க்கவே இல்லையே.

கணக்கு_வாத்தி

அதுதான் சரியான கேள்வி. விலைவாசி கால்குலேட்டரில் செலவை மட்டும் 20 வருடம் ஓட்டி, சம்பளத்தை இன்றைய இடத்திலேயே நிறுத்திவைத்தால் யாருக்கும் வயிறு கலங்கும். 20 வருடம் வேண்டாம், 10 வருடம் போதும். அதற்கு மேல் நம் வேலையும் தெரியாது, ஊரும் தெரியாது.

பத்தாவது வருடம், விலைவாசி 6 சதவீதம் என்று வைத்தால் 24,000 செலவு 43,000 ஆகியிருக்கும். இ.எம்.ஐ. 26,000. மொத்தம் 69,000. சம்பளம் வருடம் 7 சதவீதம் ஏறினால் 1,22,000 வரும், ராஜா மாதிரி இருக்கலாம். 3 சதவீதம்தான் ஏறினால் 83,300. மிச்சம் 14,300. இன்று மிஞ்சும் 12,000ஐ விட அதிகம்போலத் தெரியும். ஆனால் இன்றைய மதிப்புக்குத் திருப்பினால் 8,000 ரூபாய். இ.எம்.ஐ. ஒரு ரூபாய்கூட ஏறாமல், சம்பளமும் வருடாவருடம் ஏறி, அப்படியும் கை இறுகியிருக்கும்.

கடந்த ஐந்தாறு வருடத்தில் உங்களுக்கு உண்மையில் எவ்வளவு ஏறியது என்று பழைய சம்பளச் சீட்டுகளை எடுத்துப் பார்த்து அந்தச் சதவீதத்தைப் போடுங்கள். எச்.ஆர். சொல்வதைப் போடாதீர்கள்.

மூன்றாவது_தெரு

ஏறினால்தானே சார் சீட்டில் தெரியும் 😀

ரெட்டைப்பின்னல்

ஒரு சதவீதத்தை எல்லாச் செலவுக்கும் போடுவதே தப்பு என்பேன். அரசு சொல்லும் பணவீக்கம் ஒரு கூட்டுச் சராசரி. 2012ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட நுகர்வோர் விலைக் குறியீட்டில் உணவு, பானங்களுக்கு மட்டும் 45.86 சதவீத எடை இருந்தது. கல்விக்கு 4.46தான். பள்ளிக்கூடத்தில் பிள்ளை இருக்கும் வீட்டில் அப்படியா இருக்கிறது? அரிசியும் தக்காளியும் ஏறும், இறங்கும். பள்ளிக் கட்டணம் இறங்கிப் பார்த்தவர்கள் கை தூக்குங்கள்.

மகள் யு.கே.ஜி. என்கிறீர்கள். இன்று வருடத்துக்கு 45,000 என்று வைத்துக்கொள்வோம். 12 வருடத்தில் 5 சதவீதத்தில் போட்டால் 81,000. 10 சதவீதத்தில் 1,41,000. இதே வீடு, இதே பிள்ளை, ஒரு பெட்டியில் மாற்றிய ஓர் எண்ணுக்கு அறுபதாயிரம் வித்தியாசம். கல்லூரி இன்னும் மோசம். இன்று 8 லட்சம் ஆகிற படிப்பு 13 வருடம் கழித்து 6 சதவீதத்தில் 17 லட்சம், 10 சதவீதத்தில் 27 லட்சத்துக்கு மேல். அதுவும் கடனின் பதிமூன்றாவது வருடத்தில் வந்து நிற்கும். இ.எம்.ஐ. இன்னும் ஏழு வருடம் பாக்கி இருக்கும்.

நான் செய்வது: மளிகை, பெட்ரோலுக்கு ஒரு விகிதம், பள்ளிக்கு ஒன்று, மருத்துவத்துக்கு ஒன்று. மூன்று வரி, மூன்று விகிதம். பழைய கட்டண ரசீதுகளைத் தேடி எடுத்து என் விகிதத்தை நானே கண்டுபிடித்தேன், அரசுச் சராசரியைவிட நன்றாகவே மேலே இருந்தது.

பழைய_பேங்க்காரர்

ஒரு அடிப்படை விஷயத்துக்கு வருவோம். 40 லட்சம் வீடு, 30 லட்சம் கடன், கையில் 11. கணக்கு இடிக்கிறதே தம்பி. தமிழ்நாட்டில் முத்திரைத்தீர்வை 7, பதிவுக்கட்டணம் 2 (2023 ஏப்ரலுக்கு முன் 4 ஆக இருந்தது). ஒப்பந்த விலைக்கே பதிவு செய்தால் 3,60,000. அதை வீட்டு விலையோடு சேர்த்துக் கடனாகத் தர மாட்டார்கள். எந்த இ.எம்.ஐ. கால்குலேட்டரும் இதைக் கேட்பதில்லை. உங்களுக்கு இப்போதே 2,60,000 குறைகிறது, வக்கீல், மதிப்பீட்டாளர், குடிபோகும் செலவு இல்லாமலே.

அப்புறம் காப்பீடு. கடனோடு சேர்த்து ஒற்றைத் தவணை இன்சூரன்ஸ் ஒன்றைத் தலையில் கட்டுவார்கள். "இ.எம்.ஐ.யில் சேர்ந்துவிடும் சார், தெரியவே தெரியாது" என்பார்கள். 1 லட்சம் பிரீமியத்தைக் கடனில் சேர்த்தால் 8.5 சதவீதத்தில் மாதம் 868 ரூபாய், 20 வருடத்தில் 2,08,000. கடன் இருக்கும்வரை ஆயுள் காப்பீடு நிச்சயம் வேண்டும். தனியாக ஒரு டேர்ம் பாலிசி (இறந்தால் மட்டும் பணம் தரும் காப்பீடு) எடுத்து வருடா வருடம் கட்டுங்கள்.

2024 அக்டோபர் முதல் சில்லறைக் கடன்களுக்கு முக்கிய விவர அறிக்கை ஒன்று தர வேண்டும் என்பது விதி. அதில் செயலாக்கக் கட்டணம் முதலிய எல்லாம் சேர்த்து உண்மையான வருடாந்திர விகிதம் போட்டிருப்பார்கள். 8.5 என்று சொன்னது அங்கே எவ்வளவாக நிற்கிறது என்று பாருங்கள். இரண்டு இடத்தை ஒப்பிடுவதானால் அந்த எண்ணை வைத்து ஒப்பிடுங்கள்.

சில கால்குலேட்டர்களில் "வரிச் சேமிப்பு" என்று ஒரு டிக் இருக்கும். புதிய வரிமுறையில் குடியிருக்கும் வீட்டுக்கடன் வட்டிக்குக் கழிவு கிடையாது. உங்கள் சம்பளத்துக்குப் புதிய முறையில் வரியே வராது. டிக்கை எடுத்துவிடுங்கள்.

மளிகைக்கடை

பெரியவர்கள் மன்னிக்கணும், நடுவில் நுழைகிறேன். எங்களைப் போன்றவர்களுக்கு எட்டரை சதவீதம் யார் தருகிறார்கள்? கடைக்கு நான் தண்டல்தான் வாங்குகிறேன். பத்தாயிரம் எழுதி 9,000 கையில் தருவார், தினம் 100 வீதம் 100 நாள். ஆயிரம் ரூபாய் வட்டி, பத்து சதவீதம்தானே என்று ஓடுகிறது. பையனுக்கு பைக் கடனும் பத்து சதவீதம் ஃபிளாட் என்றார்கள். இரண்டும் ஒன்றா?

கணக்கு_வாத்தி

அண்ணாச்சி, மன்னிப்பெல்லாம் எதற்கு. கால்குலேட்டர் மிகவும் தேவைப்படுவது உங்கள் கேள்விக்குத்தான்.

பைக் கடன்: 1 லட்சம், 3 வருடம், 10 சதவீத ஃபிளாட். வட்டி 30,000, மாதம் 3,611. முதல் மாதமே அசலைக் குறைக்க ஆரம்பித்துவிடுகிறீர்கள், ஆனால் வட்டி கடைசி மாதம்வரை முழு 1 லட்சத்துக்கும் போடப்படுகிறது. குறையும் அசலுக்கு வட்டி என்று பார்த்தால் கிட்டத்தட்ட 18 சதவீதம். நம் பாஷையில் ஒன்றரை வட்டி.

தண்டல்: கைக்கு வந்தது 9,000. மறுநாளே 100 திருப்பித் தர ஆரம்பிக்கிறீர்கள். பாதி நாள் ஆகும்போது அந்தப் பணத்தில் பாதிகூட உங்களிடம் இல்லை, வட்டி மட்டும் முழுசுக்கும். நாள் கணக்கில் போட்டால் வருடத்துக்கு ஏறக்குறைய 77 சதவீதம், மாதம் ஆறு வட்டிக்கு மேல். ஒரே "பத்து சதவீதம்"தான், ஒன்று 18, மற்றொன்று 77.

எக்செலில் இதற்கு "ரேட்" என்று ஒரு ஃபார்முலா. எத்தனை தவணை, தவணை எவ்வளவு, கைக்கு எவ்வளவு வந்தது, இந்த மூன்றையும் கொடுத்தால் விகிதத்தைச் சொல்லும். கைக்கு வந்த தொகையைப் போட வேண்டும், எழுதிய தொகையை அல்ல. 10,000 என்று போட்டால் பூஜ்யம் வட்டி என்று காட்டிச் சிரிக்கும்.

மளிகைக்கடை

எழுபத்தேழா. இத்தனை வருடம் எப்படி ஓட்டினேன் என்று தெரியவில்லை. நகைக்கடனுக்கு மாறிவிடலாம் போல.

லேத்துப்பட்டறை

மாறுங்க அண்ணாச்சி, பட்டறைக்கு நான் அதைத்தான் செய்கிறேன். சரி, வீட்டுக்கடனுக்கு வருகிறேன். முன்கூட்டி அடைப்பது லாபமா? வாத்தியார் சொல்லட்டும். நான் இன்னும் "அடைக்காதே" கட்சிதான்.

கணக்கு_வாத்தி

இதற்குத்தான் இரண்டு கால்குலேட்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும். 30 லட்சம், 8.5, 20 வருடம். முதல் மாதம் கட்டும் 26,035இல் 21,250 வட்டிக்கே போகிறது. அசலில் பாதி குறைய கிட்டத்தட்ட 14 வருடம் ஆகும்.

முதல் வருட முடிவில் ஒரு லட்சம் கூடுதலாகக் கட்டினால் கடைசியில் 18 தவணை குறைகிறது. 18 × 26,035 = 4.68 லட்சம். "ஒரு லட்சம் கட்டினால் நாலரை லட்சம் லாபம்" என்று விளம்பரம் செய்பவர்கள் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். அந்தப் பதினெட்டுத் தவணையும் பதினெட்டு வருடத்துக்கு அப்பால் இருப்பவை. 6 சதவீத விலைவாசியில் இன்றைய மதிப்பு 1.6 லட்சம். அதுவும் மோசமில்லை, எட்டரை சதவீதம் உத்தரவாதமாகத் தரும் வைப்பு நிதி எங்கே இருக்கிறது? ஆனால் நாலரை லட்சம் இல்லை.

எனக்குப் பிடித்தது வேறு வழி. சம்பளம் ஏறும்போது இ.எம்.ஐ.யையும் வருடம் 5 சதவீதம் ஏற்றுவது. 20 வருடக் கடன் பன்னிரண்டேகால் வருடத்தில் முடிந்துவிடும். தனிநபர் மிதவை வட்டி வீட்டுக்கடனை முன்கூட்டி அடைக்க அபராதம் கிடையாது.

ரெட்டைப்பின்னல்

ஆனால் பள்ளிக் கட்டணம் 10 சதவீதம் ஏறும் வருடத்தில் இ.எம்.ஐ.யை 5 சதவீதம் ஏற்ற முடியாது சார். ஆண்டுக்கு ஒரு தடவை பார்த்து, முடிந்தால் மொத்தமாகக் கட்டுவதுதான் எங்களுக்கு ஒத்துவருகிறது. கட்டாயமாக எழுதிக் கொடுத்துவிட்டால் மாட்டிக்கொள்வோம்.

கணக்கு_வாத்தி

ஒத்துக்கொள்கிறேன் அம்மா.

அவனியாபுரத்தான்

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு நானும் மனைவியும் உட்கார்ந்து போட்டுப் பார்த்தோம். பழைய சம்பளச் சீட்டுகளை வைத்துப் பார்த்தால் வருடத்துக்குச் சராசரி 4 சதவீதம்தான் ஏறியிருக்கிறது. 10.5 சதவீத வட்டியையும் பள்ளிக்கு 10 சதவீதத்தையும் போட்டதும் 30 லட்சக் கணக்கு நிற்கவில்லை.

திருமங்கலம் பக்கம் 32 லட்சத்துக்கு ஒரு வீடு சொல்லியிருந்தார்கள், தூரம் என்று விட்டுவிட்டோம். இப்போது 24 லட்சம் கடன் என்று போட்டால் 8.5இல் 20,828, 10.5 ஆனால்கூட 23,961. பதிவுச் செலவு 2,88,000 சேர்த்து கையில் இருக்கும் 11 லட்சத்துக்குள் அடங்குகிறது. மனைவிக்கு அந்த வீட்டுக் கிணறு பிடித்திருக்கிறது.

பழைய_பேங்க்காரர்

அடங்குகிறது, ஆனால் பன்னிரண்டாயிரம்தான் மிஞ்சும். அவசரத்துக்கு என்ன வைத்திருக்கிறீர்கள்? ஆறு மாதச் செலவும் தவணையும் தனியாக இல்லாமல் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். விற்பவரிடம் பேசி ஆறு மாதம் அவகாசம் வாங்க முடியுமா என்று கேளுங்கள். அல்லது அப்பாவிடம்.

அவனியாபுரத்தான்

ஞாயிறு அன்று இரண்டு பேரிடமும் பேசுகிறேன் சார். வழியில் மாலை ஆறு மணி போக்குவரத்து எப்படி இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். செலவுக் கணக்கில் பெட்ரோலுக்குத் தனி வரி எழுதியாச்சு.